டைவிங் மாஸ்க் மாட்டிக்கொண்டு கேமரா வாங்கிய லூர்து

1. தண்ணீர் குடித்த கேமராக்கள்

வாரக் கடைசி முடிந்த மறுநாள் காலையில் எங்கள் கடை இழவு வீடு மாதிரி இருக்கும். மெர்சிங் பக்கத்துத் தீவுகளுக்கு டைவிங் போனவர்கள் ஒவ்வொருவராக வந்து, துண்டில் சுற்றிய கேமராவை மேசைமேல் வைப்பார்கள். யாரும் முதலில் வாய் திறக்க மாட்டார்கள். நான் கேமராவை எடுத்துக் காதோரம் வைத்து லேசாக ஆட்டிப் பார்ப்பேன். உள்ளே 'சளக்' என்று கேட்டால் கதை முடிந்தது.

"மணியண்ணே, ஹவுசிங்க நல்லாத்தான் மூடினேன். எப்படித் தண்ணி போச்சுன்னே தெரியல" என்பார் வந்தவர். எல்லாரும் நன்றாகத்தான் மூடியிருப்பார்கள். மூடிக்கும் பெட்டிக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் வளையத்தில் ஒரு தலைமுடி குறுக்கே படுத்திருக்கும். கடலுக்கு அது போதும்.

ஜொகூர் பாருவில் ஒரு சீனர் கடையில் எனக்கு இந்த வேலை. கேமராவைத் தண்ணீருக்குள் கொண்டுபோக அதற்கென்று செய்த பெட்டிதான் ஹவுசிங். அதை விற்பது, பிரித்துத் துடைப்பது, வளையம் மாற்றுவது, செத்ததைச் செத்தது என்று முகத்துக்கு நேரே சொல்வது எல்லாம் நான்தான். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்தக் கேமரா நல்லது?" என்றுதான். வாடிக்கையாளர்களும் அதையேதான் கேட்கிறார்கள். போனை நீட்டி, நீலக் கண்ணாடி போன்ற கடலில் எடுத்த படம் ஒன்றைக் காட்டுவார்கள்.

"இந்த மாதிரி எடுக்கணும்ணே."

"இது எந்தக் கடல்?"

"ஏதோ ஃபாரின்."

"நீங்க எங்க டைவ் பண்றீங்க?"

"நம்ம மெர்சிங்தான் லா."

"அப்ப கேமரா வாங்காதீங்க. பிளேன் டிக்கெட் வாங்குங்க."

தவுக்கேக்கு, அதாவது என் முதலாளிக்கு, நான் இப்படிப் பேசுவது சுத்தமாகப் பிடிக்காது. "வர்ற ஆளையெல்லாம் நீயே விரட்டு" என்று மலாயில் முணுமுணுப்பார். நான் விரட்டுவதில்லை. நம் கரையோரத் தண்ணீர் பல நாளும் தே தாரேக் பால் டீயின் நிறத்தில்தான் இருக்கும் என்பதை நினைவூட்டுகிறேன். அந்தத் தண்ணீரை நினைத்துக் கேமரா வாங்க வந்த ஒரே ஆளைத்தான் நான் இதுவரை பார்த்திருக்கிறேன். அவர் பெயர் லூர்து மேரி.

2. கண்ணை மூடிக்கொண்டு ஒரு தேர்வு

லூர்து கடைக்குள் வந்தபோது பாசிர் கூடாங் தொழிற்சாலைச் சீருடையிலேயே இருந்தார். காலை ஷிப்ட் முடித்து மோட்டார் சைக்கிளில் நேரே வந்திருந்தார். முப்பதைத் தாண்டிய வயது. ஹெல்மெட்டைக் கண்ணாடி மேசைமேல் வைத்துவிட்டு, பையிலிருந்து ஒரு டைவிங் மாஸ்க்கையும் தடித்த ரப்பர் கையுறைகளையும் எடுத்தார்.

"கேமராவ அப்புறம் பாக்கலாம்ணே. மொதல்ல ஹவுசிங்கெல்லாம் எடுத்து வைங்க."

எனக்குக் கொஞ்சம் தூக்கிவாரிப் போட்டது. ஆசைப்பட்டுக் கேமராவை வாங்கிவிட்டு, அதற்கு ஹவுசிங்கே யாரும் செய்யவில்லை என்று பிறகு தெரிந்து தலையில் கை வைப்பவர்கள்தான் இந்த ஊரில் அதிகம். நான் நான்கைந்து பெட்டிகளை எடுத்து வைத்தேன். அவர் மாஸ்க்கை மாட்டினார், கையுறையைப் போட்டார், கண்ணை மூடிக்கொண்டார். ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கி ஷட்டர் விசை எங்கே, திருகு எங்கே, பட்டன் எங்கே என்று விரலால் தடவ ஆரம்பித்தார். மாஸ்க் மூக்கையும் மூடிவிடுவதால் வாயால் புஸ் புஸ் என்று மூச்சு விட்டார்.

கடையில் இருந்த எல்லாரும் சிரித்துவிட்டார்கள். தவுக்கே கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்து, "மணியம், கடைக்குள்ள என்ன சர்க்கஸ்?" என்றார். லூர்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

முதலில் அவர் ஒதுக்கியது கடையிலேயே பெரியதை, எங்கள் கண்ணாடி அலமாரியின் ராஜாவை. லென்ஸ் கழற்றி மாட்டும் பெரிய கேமராவுக்கான அலுமினியப் பெட்டி அது. படம் பிரமாதமாக வரும். விற்றால் தவுக்கே அன்று எனக்குச் சாப்பாடே வாங்கிக் கொடுப்பார்.

"இது ஏன் வேணாம்?" என்றேன்.

"ஃபோகஸ் திருகுக்கு ரெண்டாவது கை வேணும்ணே. தண்ணிக்குள்ள எனக்கும் ரெண்டு கைதான். அதுல ஒன்னு எப்பவும் என் உயிருக்கு வேணும்."

காற்றுச் சட்டையில் காற்றை ஏற்றி இறக்க, மாஸ்க்கில் தண்ணீர் புகுந்தால் வெளியேற்ற, கூட வருபவருக்குச் சைகை காட்ட எல்லாவற்றுக்கும் ஒரு கை சும்மா இருக்கத்தான் வேண்டும். டைவர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்த விஷயம் இது. கடைக்குள் வந்து, குளிர்சாதனக் காற்றில், பளபளப்பான சாமானைப் பார்த்ததும் அத்தனை பேரும் மறந்துவிடுகிற விஷயமும் இதுதான்.

அடுத்து, போனைப் போட்டு மூடும் பெட்டி. அதையும் கொஞ்ச நேரம் தடவிப் பார்த்துவிட்டு, "இதுல ஃப்ளாஷ் சேர்ந்து எரியுமாண்ணே?" என்று கேட்டார். சரியாகச் சேராது என்றேன். தள்ளி வைத்தார்.

கடைசியில் அவர் கை நின்றது ஒரு சின்ன அலுமினியப் பெட்டியில். உள்ளங்கை அளவுக் கேமராவுக்கானது. அந்தக் கேமரா புது மாடல்கூட இல்லை. ஆனால் எல்லா விசையும் வலது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் எட்டும். வெளிப்பக்கம் ஓர் அகலக் கோண லென்ஸை மாட்டலாம், தண்ணீருக்குள் இருக்கும்போதே கழற்றவும் செய்யலாம். மாற்று வளையங்கள் எங்கள் கடையிலேயே கிடைக்கும்.

"நம்ம தண்ணி கலங்கல்ணே. தூரத்துல நின்னு எடுத்தா நடுவுல உள்ள தூசி தும்பெல்லாம் படத்துல மழத்தூறல் மாதிரி விழுது. ரொம்பக் கிட்டப் போகணும். கிட்டப் போனாலும் சுத்தி உள்ளது தெரியணும். அதுக்கு இந்த லென்ஸ் சரியா வருமா?"

நான் எத்தனையோ பேருக்குத் தொண்டை வற்றச் சொல்லிப் பார்த்த பாடத்தை அவர் எனக்கு ஒப்பித்துக்கொண்டிருந்தார். வரும் என்றேன். இரண்டு சின்ன ஃப்ளாஷ்களையும் பெட்டியோடு சேரும் நீளமான உலோகக் கைகளில் பொருத்திக் கொடுத்தேன், வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழுந்தால் தூசி அவ்வளவாகத் தெரியாது. இப்போதே சொல்லிவிடுகிறேன், அன்றைக்கே எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப் போனது.

சாமான்களைக் கட்டும்போதுதான் எதற்காக இத்தனை கவனம் என்று கேட்டேன். அவர் ஒளிக்காமல் சொன்னார். தொழிற்சாலையின் கண்ட்ரோல் ரூமில் அவர் பேனல் ஆபரேட்டர். அவருடைய பிரிவை வேறு மாநிலத்துக்கு மாற்றப் போகிறார்கள். கூடப் போக வேண்டும், இல்லாவிட்டால் விலக வேண்டும். சாஆ என்ற சின்ன ஊரில் அம்மா தனியாக இருக்கிறார், அவரை விட்டு அவ்வளவு தூரம் போக முடியாது. மெர்சிங்குக்கு அந்தாண்டை ஒரு தீவில் ரிசார்ட் நடத்தும் பாங் ரஹிம், விருந்தினரை டைவ் கூட்டிப் போய்ப் படமும் எடுத்துக் கொடுக்க ஆள் தேடுகிறார். டைவ் மாஸ்டர் லைசென்ஸ் லூர்துவிடம் ஏற்கெனவே இருக்கிறது.

"மழைக் காலத்துக்கு ரிசார்ட்ட மூடுறதுக்கு முன்னால அவர் எடத்துலயே படம் எடுத்துக் காட்டணும்ணே. புடிச்சிருந்தா அடுத்த சீசன்ல வேலை. இல்லன்னா இல்ல."

"அலமாக்! சீசன் முடிய இன்னும் எவ்வளவு நாள் இருக்கு?"

"உங்க கடை கஸ்டமருங்கள அந்தத் தீவுக்கு சீசன் கடைசி டிரிப் கூட்டிட்டுப் போகுதுல்ல, அதுதான்."

3. சாஆ வீட்டுக் கொலா

புது ஹவுசிங்கைக் கேமராவோடு கடலில் இறக்கக் கூடாது. முதலில் வெறும் பெட்டியை, உள்ளே ஒரு டிஷ்யூ காகிதத்தை வைத்து மூடி, நல்ல தண்ணீரில் அமுக்கி வைக்க வேண்டும். காகிதம் நனையாமல் வந்தால் பிறகுதான் கேமரா. இதை நான் எல்லாரிடமும் சொல்வேன். சரி சரி என்பார்கள், யாரும் செய்ய மாட்டார்கள்.

லூர்து செய்தார். அதுவும் சாஆவில், அம்மா வீட்டுக் கொலாவில். குளியலறையில் சிமெண்டால் கட்டிய தண்ணீர்த் தொட்டியைத்தான் நாங்கள் கொலா என்போம். வெறும் பெட்டி மிதக்கும் என்பதால் மேலே செங்கல்லை வைத்துக் கட்டி இறக்கியிருக்கிறார். ஒரு சந்தேகம் கேட்க எனக்குப் போன் செய்தபோது பின்னால் அவருடைய அம்மாவின் குரல் நன்றாகக் கேட்டது.

"குளிக்கிற தண்ணியில செங்கல்லப் போட்டு வச்சிருக்கா பாரு! நான் எப்பத்தான் குளிக்கிறது, ஏசுவே! அந்தப் பொட்டிக்கு இருக்கிற மரியாத இந்த வீட்டுல எனக்கு இல்ல."

"அம்மா, கொஞ்ச நேரம்மா! அண்ணே, காயிதம் காஞ்சுதான் இருக்கு. ஆனா பெட்டிய எடுத்ததும் சிலுப்பாம கவுத்துத் தொறக்கணுமா?"

கவிழ்த்துத் திறங்கள், வளையத்தில் ஒட்டியிருக்கும் சொட்டு உள்ளே விழாது என்றேன். அதன் பிறகு கேமராவைப் போட்டு, கையுறையோடு அதே தொட்டிக்குள் கையை விட்டு, அம்மா சமைக்க வைத்திருந்த கத்தரிக்காயையும் வெண்டைக்காயையும் உள்ளே போட்டுப் படம் எடுத்துப் பழகியிருக்கிறார். அந்தப் படங்களை எனக்கு அனுப்பினார். கத்தரிக்காய் அவ்வளவு அழகாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

4. படகு போனது

கடைசி டிரிப்புக்குக் கடையின் சார்பில் நானும் போனேன். தீவில் இறங்கியதுமே எல்லாருக்கும் முகம் வாடிவிட்டது. காற்று மாற ஆரம்பித்திருந்தது, கரையோரத் தண்ணீர் வழக்கத்தைவிடக் கலங்கல். தூரத்துப் பவளப் பாறைப் பக்கம் மட்டும் காலையில் கொஞ்சம் தெளிவாக இருக்கும், பிறகு அங்கேயும் அலை ஏறிவிடும் என்று பாங் ரஹிம் சொன்னார். வயதில் பெரியவர், அண்ணன் என்ற மரியாதையில் எல்லாரும் அவரைப் பாங் என்றுதான் கூப்பிடுவோம். அதிகம் பேசாதவர். படகுத்துறையின் முனையில் கையைக் கட்டிக்கொண்டு நின்று எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை எல்லாரும் உடை மாட்டித் தயாரானோம். லூர்து ஹவுசிங்கை மூடி, கைப்பம்பால் உள்ளே இருந்த காற்றை உறிஞ்சி எடுத்தார். இது வேக்குவம் சோதனை. காற்று எங்கும் கசியவில்லை என்றால் பெட்டிக்குள் சின்ன விளக்கு பச்சையாக எரியும், கசிந்தால் சிவப்பு. முதலில் பச்சை வந்தது. படகில் ஏறக் காலெடுத்து வைத்தபோது விளக்கு சிவப்பாக மாறியது.

"வெயில் பட்டா அப்படித்தான் காட்டும்" என்றார் படகில் இருந்த ஒருவர். அதுவும் உண்மைதான், பெட்டி சூடானாலும் விளக்கு சில சமயம் ஏமாற்றும். லூர்து நிழலுக்குப் போய், பெட்டியை ஆறவிட்டு மறுபடி பம்ப் அடித்தார். பச்சை. எல்லாரும் அப்பாடா என்றோம். கொஞ்ச நேரத்தில் மறுபடி சிவப்பு.

பெட்டியைத் திறந்து பெரிய வளையத்தைப் பார்த்தோம். நானும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். முடி இல்லை, மணல் இல்லை, கீறல் இல்லை.

"ஒன்னும் இல்லைல்ல? மூடிட்டு வாங்க லா, தண்ணி கலங்கிடப் போகுது!" என்று படகிலிருந்து குரல் வந்தது. படகோட்டி இன்ஜினை முடுக்கினார். பாங் ரஹிம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் விற்ற பெட்டி என் வாடிக்கையாளர்கள் அத்தனை பேர் முன்னாலும் இப்படிச் செய்கிறதே என்று எனக்கு உடம்பே கூசியது.

நான் தாழ்ந்த குரலில், "லூர்து, இன்னைக்கு விட்டா அந்தப் பாறைக்குப் போக முடியாதும்மா. உங்க வேலையே இதுலதான் இருக்கு" என்றேன்.

"தெரியும்ணே." அவர் பெட்டியை மடியில் இறக்கி வைத்தார். "கண்ட்ரோல் ரூம்ல அலாரம் அடிச்சா காரணம் தெரியாம நாங்க ரீசெட் பண்ண மாட்டோம். கண்ணுக்குத் தெரியலன்னா ஒன்னும் இல்லன்னு ஆயிடுமா? அவங்கள போகச் சொல்லுங்க."

படகு போனது. அதன் சத்தம் தேயும்வரை லூர்து அதைப் பார்க்கவே இல்லை, பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பாங் ரஹிம் அலுவலகத்துக்குள் போய்விட்டார். அந்த முதுகைப் பார்த்ததும் வேலை போச்சு என்றுதான் எனக்குத் தோன்றியது.

படகில் ஏறாமல் நின்றுவிட்ட நானும் லூர்துவும் துறைப் பலகையில் துண்டை விரித்து, பெட்டியை ஒவ்வொரு பாகமாகக் கழற்றினோம். லூர்து பார்த்த விதத்தை நான் மறக்க மாட்டேன். அவசரமில்லை, எரிச்சலில்லை. ஒரு பாகம், பார்த்தாயிற்று, தள்ளி வை, அடுத்தது. பம்ப் சொருகும் வால்வுக்கு அடியில், மோதிரம்கூட ஆகாத அளவுக்கு ஒரு குட்டி வளையம் உண்டு. அதன் மடிப்பில் ஒரே ஒரு வெள்ளை மணல் துகள் இருந்தது.

"இந்தா இருக்காரு" என்றார் லூர்து. அப்போதுதான் சிரித்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

அந்தப் படகில் போன இன்னொருவருடைய விளக்கும் சிவப்பாகத்தான் எரிந்ததாம். வெயில்தான் என்று இறங்கிவிட்டார். அவர் கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்தத் தொழிலில் கடல் எல்லாருக்கும் ஒரே மாதிரி கணக்குப் பார்ப்பதில்லை.

5. படகுத்துறைக்குக் கீழே

விளக்கு பச்சையாகவே நின்றது. ஆனால் போகப் படகு இல்லை.

"அண்ணே, இங்கயே எறங்குவமா?" என்றார் லூர்து.

"எங்கம்மா? இது சோப்புத் தண்ணி மாதிரில்ல இருக்கு?"

"அதுக்குத்தானே இந்த லென்ஸ வாங்கினேன்."

இருவரும் பாங் ரஹிமிடம் சொல்லிவிட்டுப் படகுத்துறையின் படியிலேயே இறங்கினோம். இரண்டு ஆள் தூரத்துக்கு அப்பால் எதுவும் தெரியாத அளவுக்குக் கலங்கல். நான் அவர் பக்கத்தை விட்டு நகரவில்லை. தூண்களின் நடுவே, படகு கட்டும் பழைய கயிறு ஒன்று கடல் அடிவரை தொங்கியது. அதில் வெள்ளை விரல்களைக் கொத்துக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டது போல ஏதோ ஆடிக்கொண்டிருந்தது. கணவாய் முட்டைகள். எங்களைக் கண்டதும் தாய்க் கணவாய்கள் மறைந்துவிட்டன.

லூர்து நெருங்கவில்லை, விலகவும் இல்லை. எதையும் பிடிக்காமல், மணலைக் கிளப்பாமல், மூச்சாலேயே உடம்பை நிறுத்தித் தொங்கிக்கொண்டிருந்தார். கேமரா வலது கையில், இடது கை சும்மா. எனக்கு அலுத்துப் போகும்வரை அப்படியே இருந்தார். பிறகு கலங்கலுக்குள்ளிருந்து ஒரு கணவாய் வந்தது, அடுத்து இன்னொன்று. உடம்பெல்லாம் நிறம் மாறி மாறி மின்ன, ஒன்று இன்னும் ஒரு முட்டைக் கொத்தைக் கயிற்றில் வைத்தது. அதன்பிறகுதான் அவருடைய ஃப்ளாஷ் எரிந்தது.

இத்தனை வருடம் நான் இந்தச் சாமான்களை விற்றிருக்கிறேன். அவை எதற்காகச் செய்யப்பட்டவை என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

6. பாங் ரஹிம் கேட்டது

சாயங்காலம் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லாரும் படங்களைப் போட்டுப் பார்த்தோம். பாறைக்குப் போனவர்களில் ஒருவர் ஆமையை நன்றாகப் படம் பிடித்திருந்தார், கைதட்டினோம். லூர்துவின் முறை வந்தது. பச்சைக் கலங்கலில் மேலிருந்து வெயில் கோடு கோடாக இறங்க, கறுத்த தூண்களின் நடுவே வெள்ளை முட்டைக் கொத்தும் அதைக் காத்து நிற்கும் கணவாயும் திரையில் வந்தன.

பாங் ரஹிம் எழுந்து திரைக்குக் கிட்டப் போனார். "இது எந்தத் தீவு?" என்று மலாயில் கேட்டார்.

"உங்க படகுத்துறைக்குக் கீழதான் பாங்" என்றார் லூர்து.

அவர் மறுபடி படத்தைப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியாகப் படகுத்துறையைப் பார்த்தார். "அந்தக் கயிற நாளைக்கு வெட்டி எறியச் சொல்லியிருந்தேன்" என்றார். உடனே படகோட்டியைக் கூப்பிட்டு, கயிற்றைத் தொடாதே என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

லூர்து பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார். "பாங், படம் பரவால்லையா? காலையில படகுல வராம போனதுக்கு மன்னிக்கணும்."

"படம் நல்லா இருக்கு. ஆனா உனக்கு வேலைன்னு நான் காலையிலேயே முடிவு பண்ணிட்டேன்."

எங்களுக்குப் புரியவில்லை. அவர் தேத்தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "என் விருந்தாளிங்கள நீதான் தண்ணிக்குள்ள கூட்டிப் போகணும். எல்லாரும் வா வான்னு கூப்பிடுறாங்க, நான் கடிகாரத்தப் பாக்குறேன், உனக்கோ வேலை வேணும். அப்பவும் சிவப்பு எரியுதுன்னு நின்ன பாரு. படம் எடுக்க நான் யாருக்கு வேணும்னாலும் சொல்லிக் கொடுத்துடுவேன். அதச் சொல்லிக் கொடுக்க எனக்குத் தெரியாது."

லூர்து அந்த இடத்திலேயே அம்மாவுக்குப் போன் செய்தார். அந்தப் பக்கத்தில் அம்மா என்ன சொன்னாரோ, "இல்லம்மா, இனிமே கொலாவுல செங்கல் போட மாட்டேன்" என்று சொல்லி அழுதுகொண்டே சிரித்தார்.

இப்போது எங்கள் கடை மேசையில் ஒரு டைவிங் மாஸ்க்கும் ஒரு ஜோடிக் கையுறையும் எப்போதும் இருக்கும். "எந்தக் கேமரா நல்லது?" என்று யார் கேட்டாலும் அதை எடுத்து நீட்டுகிறேன். சிலர் சிரிக்கிறார்கள், சிலர் கோபித்துக்கொண்டு போகிறார்கள். தவுக்கே இப்போதெல்லாம் முணுமுணுப்பதில்லை, அவரே ஒருநாள் மாட்டிப் பார்த்தார். தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். எந்தத் தண்ணீர், கேமராவுக்கு எந்தக் கை என்று முதலில் கேளுங்கள். பெட்டியைப் பிறகு காட்டுங்கள், கேமராவைக் கடைசியில் காட்டுங்கள். விற்று முடித்த பிறகு, சிவப்பு விளக்கு எரிந்தால் படகைப் போகவிடலாம், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை என்று மறக்காமல் சொல்லி அனுப்புங்கள்.